கண்ணுக்குள் ஒரு குமிழி

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால் வலி தேவலையா? நாள் முழுக்க நின்றபடியே முடி வெட்டாமல் நடுநடுவே உட்காருகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எனக்கே தைரியம் போய்விடும். எனக்கு இது ஆறாவது மாதம். ஜூன் முதல் வாரம் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் மூன்று வருஷமாக நாம் எழுதிக்கொண்டதெல்லாம் மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுதான். அந்த வரிகளுக்கு நடுவில் இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர் கப்பலில் இருக்கிறார். பிரசவ சமயத்தில் இங்கே இருக்க மாட்டார். நீங்கள் வந்து ஒரு மாதம் என்னோடு இருக்க முடியுமா அப்பா? அம்மா இருந்திருந்தால் அம்மாவைத்தானே கேட்டிருப்பாள் என்று நினைக்காதீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன்.

விமான நிலையத்தில் வேலை செய்பவர்களுக்கு வீட்டு ஆட்களுக்கென்று வருஷத்துக்கு ஒரு டிக்கெட் தருவார்கள். நான் இதுவரை கேட்டதே இல்லை. நீங்கள் 'சரி' என்று ஒரு வரி போட்டால் கேட்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பாப்பா


மார்ச் 14

என் அருமை பாப்பாவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் உள்ளே இருக்கும் ஆளும் சௌக்கியமா?

சரி. சரி. சரி. ஒரு வரி போதும் என்றாய், மூன்று தரம் எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வந்தபோது பக்கத்துக் கடைத் தையல்காரர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதித் தலை வெட்டியாகிவிட்டது. படித்துவிட்டு, "யோவ், நான் தாத்தா ஆகப் போறேன்யா" என்றேன். "ரொம்ப சந்தோஷம். அந்த சந்தோஷத்துல என் காதை எடுத்துடாதே" என்றார். மீதித் தலையை எப்படி வெட்டினேனோ தெரியாது. மூன்று நாளாகத் தொப்பியோடு திரிகிறார்.

மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதினால் நான் விசாரித்ததாக எழுது. ஆமாம், மாப்பிள்ளை என்றுதான் எழுதியிருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு வராமல் வீம்பு பிடித்து வீட்டுக்குள் உட்கார்ந்தவன்தான். அதை அடித்துத் திருத்த முடியாது. ஆனால் இனிமேல் எழுதுவதைச் சரியாக எழுதலாம் அல்லவா?

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாகிவிட்டது. எனக்கு நானே முடி வெட்டிக்கொண்டு போனேன், பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள். வேறு செய்தி ஒன்றும் இல்லை. கடைக் கண்ணாடியின் வலது ஓரம் கறுத்துக்கொண்டு வருகிறது. இரண்டு தரம் துடைத்தும் போகவில்லை. ரசம் போய்விட்டது போலிருக்கிறது. கிளம்புவதற்குள் மாற்றிவிட வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? எனக்குக் கால் வீக்கம் தவிர ஒன்றுமில்லை. கவுண்டரில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். ஷூவைப் பாதி கழற்றி வைத்துக்கொண்டு, மேலே மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

டிக்கெட் இதோடு இருக்கிறது. மே 20. பத்திரமாக வையுங்கள். கப்பலிலிருந்து கடிதம் வந்தது. உங்களை மிகவும் விசாரித்திருக்கிறார்.

இந்த வாரம் ஒரு சம்பவம். யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். உங்கள் வயதுக்காரர் ஒருவர், தனியாக வந்தார். பெட்டியைத் தூக்கித் தராசில் வைக்கும்போது வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டார்.

"சமீபத்துல ஆபரேஷன் ஏதாவது பண்ணிக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, வாயுத் தொல்லை."

குனிந்தபோது சட்டை இடுக்கில் கட்டு தெரிந்தது. எங்கள் டாக்டரிடம் அனுப்பினேன். வயிற்றில் ஆபரேஷன் ஆகி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும், உடம்புக்குள் அடைபட்ட காற்று விரியும், தையல் தாங்காது. பயிற்சியிலேயே எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவர் என்னிடம் வந்து, "என் பொண்ணு அங்கே காத்துக்கிட்டிருப்பாம்மா" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் செய்தது சரிதான். ஆனால் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

சீக்கிரம் வாருங்கள். நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
பாப்பா


ஏப்ரல் 24

பாப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது.

டிக்கெட் வந்தது. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. கடைக்கு வெள்ளையடிக்கிறார்கள், மேசை நாற்காலியெல்லாம் வெளியே. தரையில் வைத்து எழுதுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நான் கொஞ்சம் தள்ளி, ஜூன் பாதிக்கு மேல் வந்தால் உனக்குக் கஷ்டமாக இருக்குமா? மாப்பிள்ளைக்கு அந்தச் சமயம் லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். கடையில் கொஞ்சம் வேலை. வேறு ஒன்றும் இல்லை.

அந்தப் பெரியவரைப் பற்றி எழுதியிருந்தாய். நீ செய்தது சரிதான். சாப்பிடாமல் மட்டும் இருக்காதே.

அப்பா


மே 3

அப்பாவுக்கு,

நலம்.

ஜூன் முதல் வாரம் என்று தெளிவாக எழுதியிருந்தேன். ஜூன் பாதிக்கு மேல் வந்தால் நீங்கள் குழந்தையைப் பார்க்கத்தான் வருவீர்கள், எனக்குத் துணையாக வர மாட்டீர்கள். இரண்டும் ஒன்றில்லை.

வெள்ளையடிப்பதைத் தள்ளிப்போட முடியாது, என்னைத் தள்ளிப்போடலாம். அப்படித்தானே? இன்னும் அந்தக் கோபம்தான் என்றால் அதை எழுதிவிடுங்கள். கடைமேல் பழி போடாதீர்கள். அவருக்கு லீவு கிடைக்காது. கேட்கவும் முடியாது.

பகலில் அறையில் தனியாக இருக்கும்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் யாரோ எனக்காக வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். எல்லாச் செருப்பும் மேல்மாடிக்குப் போய்விடுகிறது.

வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

பாப்பா

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்க மனசு வரவில்லை. முழங்காலுக்குத் தைலம் தடவுங்கள்.


மே 12

பாப்பாவுக்கு,

நான் இருபதாம் தேதியே வருகிறேன். டிக்கெட்டில் உள்ள தேதி. மாற்றமில்லை.

நீ நிலையத்துக்கு வந்து நிற்க வேண்டாம். விலாசம் என்னிடம் இருக்கிறது. தெம்பாக இரு.

அப்பா


மே 21

அப்பா,

வேண்டாம் என்று எழுதியிருந்தும் போனேன். லீவில் இருந்தாலும் அடையாள அட்டை இருக்கிறது, உள்ளே விட்டார்கள். வருகை வாசலில் தூணில் சாய்ந்து நின்றேன். உங்கள் விமானம் இறங்கியது. முதலில் வேகமாக நடப்பவர்கள் வந்தார்கள், பிறகு குழந்தைக்காரர்கள், பிறகு சக்கர நாற்காலிகள். உங்களுக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் வருவீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். விமானி வந்தார். பணிப்பெண்கள் வந்தார்கள். கடைசியில் தரை துடைப்பவர் வந்து, "கொஞ்சம் நகருங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்தால் கதவடியில் தந்தி. 'வரவில்லை. நலம். கடிதம் பின்னால்.'

நலம் என்ற வார்த்தையை நீங்கள் போட்டிருக்க வேண்டாம். உடம்பு சரியில்லை என்று பொய்யாவது எழுதியிருக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பதிவு அலுவலக வாசலிலும் இப்படித்தான் நின்றேன். அன்றும் நீங்கள் நலமாக வீட்டில்தான் இருந்தீர்கள்.

பின்னால் வரும் கடிதம் வேண்டாம். எழுதாதீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.


மே 22

என் கண்ணான பாப்பாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். எப்படியம்மா இருக்கிறாய்?

கடைக்கு வெள்ளையடிக்கவில்லை. கண்ணாடியில் ரசமும் போகவில்லை. என் வலது கண்தான் போய்க்கொண்டிருந்தது.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலையில் தபால் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவருடைய பாதி முகத்தைக் காணோம். மூக்குக்கு அந்தப் பக்கம் கறுப்புத் திரை. கையில் கத்தி. அப்படியே நின்றுவிட்டேன். "என்னய்யா, தூங்கிட்டியா?" என்றார் அவர், கண்ணை மூடியபடியே. கத்தியை மடக்கி வைத்துவிட்டு, "மீதியை வேற கடையில எடுத்துக்குங்க" என்றேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவை.

கண்ணின் உள்திரை கிழிந்து பிரிந்துவிட்டது என்றார் டாக்டர். பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். திரை ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் ஒருவகைக் காற்றை அடைத்து வைப்பார்களாம். அந்தக் குமிழி மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், அது உள்திரையில் போய் அழுத்த வேண்டுமானால் நான் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். இரண்டு வாரம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் முகம் தரையைப் பார்க்க வேண்டும். ஊரில் எல்லோருடைய தலையையும் பிடித்துக் குனிய வைத்தவனை டாக்டர் குனிய வைத்துவிட்டார்.

தையல்காரர் நடுவில் ஓட்டை வைத்து ஒரு தலையணை தைத்துத் தந்தார். தினமும் மூன்று வேளை வந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார். அவர் போன பிறகு யாருமில்லை. மனிதர்களைத் தலையை வைத்துத் தெரிந்துகொண்டவன் நான், இரண்டு வாரம் பாதத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். தையல்காரருக்கு இடது கால் சுண்டுவிரல் மடிந்திருக்கும். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்குத் தெரியவே தெரியாது. பால்காரரின் பாதம் வாசலோடு திரும்பிவிடும். மற்றபடி தரைதான். தரையில் பதிமூன்று விரிசல். உன் டிக்கெட் வந்த கடிதத்தைத் தரையில் விரித்து, மேலே குனிந்து, இடது கண்ணால்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ திருப்பி அனுப்பிய அந்தப் பெரியவரைப் பற்றியும்.

டாக்டரிடம் மே 20 என்று சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"குமிழி முழுசா கரையற வரைக்கும் விமானம் கிட்டயே போகக் கூடாது. மேலே போனா அது உள்ளேயே பெருசாகும். கண் நரம்பு நசுங்கிடும். வலி தாங்க முடியாம துடிப்பீங்க, பாதி வானத்துல இறங்கவும் முடியாது. அப்புறம் அந்தக் கண்ணை நான் பார்த்துப் பிரயோஜனம் இல்லை."

"எப்போ கரையும்?"

"எட்டு வாரம். ஒண்ணு ரெண்டு வாரம் முன்னே பின்னே ஆகலாம்."

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். வயிற்றில் குழந்தையோடு தனியாக இருக்கிறவளிடம் என்னத்தைச் சொல்வது? அதனால்தான் ஜூன் பாதி என்று எழுதினேன். உன் பதில் வந்தது. செருப்புச் சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்குப் பிறகு எனக்கு டாக்டர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. அதற்குள் குமிழி பாதிக்கு மேல் கரைந்திருந்தது. பாத்திரத்தில் தண்ணீர் நிற்பதுபோல் பார்வைக்குக் கீழே ஒரு கோடு ஆடும், மேலே கொஞ்சம் வெளிச்சம். இவ்வளவுதானே மிச்சம், போனால் ஒரு கண்தானே என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் என் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள், 'கண்ணில் காற்று, விமானப் பயணம் கூடாது' என்று. இருபதாம் தேதி காலையில் அதை என் கத்திரிக்கோலாலேயே வெட்டி எறிந்தேன்.

கவுண்டரில் ஒரு பெண். உன்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருக்கும்.

"பெட்டி ஒண்ணுதானாங்க?"

"ஒண்ணுதாம்மா."

"கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"தூசி."

"சமீபத்துல ஆபரேஷன் ஏதாவது பண்ணிக்கிட்டீங்களா?"

'இல்லை' என்று சொல்வதற்கு வீட்டிலேயே பழகிக்கொண்டு வந்திருந்தேன். அந்தச் சமயம் பார்த்து அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள். ஷூ பாதி கழன்று கிடந்தது. நான் மேலே போய் வலியில் கத்தினால், இவரை ஏற்றியது யார் என்று கீழே இவளைத்தானே நிற்க வைத்துக் கேட்பார்கள் என்று தோன்றியது. வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"ஆமாம்மா. கண்ணுக்குள்ள காத்து வச்சிருக்காங்க."

அவள் திட்டவில்லை. வெளியே வந்து என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "யாரைப் பார்க்கப் போறீங்க?" என்றாள். "உன்னை மாதிரி ஒரு பொண்ணை" என்றேன்.

பெட்டியோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். தந்தியில் நலம் என்று போட்டது தப்பு. 'கண்' என்று போட்டால் நீ பயப்படுவாயே என்று போட்டேன்.

உனக்குத் துணையாக வர முடியாமல் போனது போனதுதான். அதற்கு நான் என்ன சொன்னாலும் ஈடாகாது. மாப்பிள்ளையை எப்படியாவது வரச் சொல். நான் கேட்டுக்கொண்டதாக எழுது.

அப்பா


ஜூன் 9

பாப்பாவுக்கு,

எழுதாதே என்றாய். இருபத்தோராம் தேதிக் கடிதம் வந்தது. என் கடிதம் அதற்கு எதிரே வந்துகொண்டிருந்திருக்கும். உனக்குக் கிடைத்ததா, கிடைத்தும் பிரிக்கவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. நீ சொன்னதை மீறித்தான் எழுதுகிறேன்.

நீ எப்படி இருக்கிறாய்? டாக்டர் சொன்ன வாரம் போய்விட்டது. மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு உன் விமான நிலையத்துக்கு டெலிபோன் போட்டேன். "அவங்க லீவுல இருக்காங்க, வேற தகவல் தர முடியாது" என்றார்கள். "நான் அவளோட அப்பா" என்றேன். "எல்லோரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் அந்த ஆள். அதுவும் சரிதான், அவருக்கு எப்படித் தெரியும்?

தினமும் பத்து மணிக்குத் தபால் ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். குமாஸ்தா என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுகிறார். நான் கிட்டே போய் ஏமாற வேண்டாம் என்று நினைக்கிறார், நல்ல மனுஷர்.

குமிழி பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது. கீழே உருண்டுகொண்டிருக்கிறது. நான் தலையாட்டினால் அதுவும் ஆட்டுகிறது. வீட்டில் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட அது ஒன்றுதான் இருக்கிறது. கடை மூடியே கிடக்கிறது, கத்தி பிடிக்க இன்னும் அனுமதி இல்லை.

நீ கோபமாக இரு. அது பரவாயில்லை. பிழைத்துக் கிடக்கிறேன் என்று மட்டும் ஒரு வரி போடு. யார் கையாலாவது எழுதச் சொல்லிப் போடு.

அப்பா


ஜூன் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் பிழைத்துக் கிடக்கிறேன். நன்றாகவே இருக்கிறேன். உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மே 31, காலை பதினொன்றரை மணி. தலை நிறைய முடி.

உங்கள் நீளக் கடிதம் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஜூன் ஐந்தாம் தேதி வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் காலடியில் கிடந்தது. குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டு நின்றபடியே படித்தேன். அன்றிலிருந்து பதில் எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். பதினொரு நாள் உங்களைத் தபால் ஆபீஸ் வாசலில் நிற்க வைத்துவிட்டேன்.

உங்கள் கண்ணைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் முழுக்கச் சொல்லிவிட்டீர்கள். நான் இன்னும் சொல்லவில்லை.

அவர் வர மாட்டார் அப்பா. லீவு கிடைக்காமல் இல்லை. பிப்ரவரியிலேயே ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கடிதம் போட்டுவிட்டார், இனி இந்த வீட்டுக்கு வருவதாக இல்லை என்று. ஒன்றரைப் பக்கம். அதற்குப் பிறகு எங்கே இருக்கிறார் என்று தெரியாது. குழந்தை விஷயம் தெரிந்துதான் போனார். உங்களை விசாரித்ததாக எழுதினேனே, அந்த ஒரு வரியை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. நீங்கள் மாப்பிள்ளை என்று எழுதிய கடிதம் மேசையில் இருந்தது. மூன்று வருஷம் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அது வந்தபோது அதற்கு ஆள் இல்லை.

வலி வந்தபோது பக்கத்துக் கவுண்டர் அக்கா என்னைப் பார்க்க வந்திருந்தார். அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். உள்ளே நர்ஸ், "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்றார். "அப்பா வந்துக்கிட்டிருக்கார்" என்றேன். அன்று உங்கள்மேல் எவ்வளவு கோபம் எனக்கு, தெரியுமா? ஆனால் வாயில் அதுதான் வந்தது. ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் அந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தார். எனக்காகத்தான் பார்த்தார்.

நான் தனியாக இருக்கிறேன் என்று மார்ச்சிலேயே எழுதியிருந்தால் நீங்கள் அந்தப் பெண்ணிடம் 'இல்லை' என்று சொல்லிவிட்டு ஏறியிருப்பீர்கள். என் வேலையில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் அப்பாவைத் திருப்பி அனுப்பியவளுக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும்.

அவசரப்பட வேண்டாம். குமிழி கரையட்டும். டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அதுவரை நானும் இவளும் எங்கேயும் போகப் போவதில்லை.

உங்கள்
பாப்பா


ஜூன் 27

என் பாப்பாவுக்கும் பாப்பாவின் பாப்பாவுக்கும்,

இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும். பால் குடிக்கிறாளா? நீ சாப்பிடுகிறாயா? உன் துணியெல்லாம் யார் துவைக்கிறார்கள்?

குமாஸ்தா கவரை உயர்த்திக் காட்டிக்கொண்டே வெளியே ஓடி வந்தார். அங்கேயே படித்துவிட்டேன். முதல் பக்கம் படித்ததும் கூட வந்திருந்த தையல்காரரைக் கட்டிப் பிடித்தேன். இரண்டாம் பக்கத்தை அவரிடம் காட்டவில்லை.

குமிழி பத்தொன்பதாம் தேதி போய்விட்டது. காலையில் கடுகளவு இருந்தது, சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் இல்லை. டாக்டர் விளக்கைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். உள்திரை ஒட்டியிருக்கிறது, பறக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். பழைய பார்வை வராது. அந்தக் கண்ணால் பார்த்தால் கதவு நிலை நெளிந்து தெரிகிறது. மனிதர்களின் வாயும் கொஞ்சம் கோணுகிறது. முகம் மழிக்கும் வேலையை விட்டுவிட்டேன். முடி மட்டும் வெட்டுவேன், அதுவும் இடது கண்ணை நம்பி.

விமான ஆபீஸில் ஜூலை 20 என்று டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தார்கள். "திரும்புற தேதி என்ன போடட்டும்?" என்று அங்கே கேட்டார்கள். "அதைக் காலியா விடுங்க" என்றேன்.

அவரைப் பற்றி எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று நான்கு தாள் கிழித்தாயிற்று. 'அப்பவே சொன்னேன்' என்று சொல்லிவிடுவேன் என்று பயந்துதானே மறைத்தாய்? அந்த வார்த்தை என் வாயில் இருந்தது உண்மை. மூன்று வருஷம் இருந்தது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வரும் வழியில் தேடிப் பார்த்தேன், இல்லை. இனி நீயும் எனக்காக எதையும் மறைத்து நல்லவிதமாகச் சொல்ல வேண்டாம்.

நீ ஆஸ்பத்திரியில் சொன்னது பொய்யில்லை, தாமதம்தான். வந்துகொண்டிருக்கிறேன்.

அப்பா


ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் கிளம்புவதற்குள் இது கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

கட்டிலைச் சுவரோரம் தள்ளி உங்களுக்கு இடம் பண்ணியிருக்கிறேன். ஜன்னல் பக்கம் வெயில் கண்ணில் அடிக்கும் என்று அந்தப் பக்கம் நான் படுத்துக்கொள்கிறேன். சொட்டு மருந்து இன்னும் உண்டென்றால் மறக்காமல் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். மார்ச்சிலிருந்து இன்றுவரை நான் யார் முன்னாலும் அழவில்லை. கவுண்டரில் நிற்பதுபோலவே நின்று பழகிவிட்டேன். ஆகவே நீங்கள் வந்தவுடன் 'எப்படிம்மா இருக்கே' என்று கேட்காதீர்கள். கேட்டால் அங்கேயே உடைந்துவிடுவேன், குழந்தை பயந்துவிடும். முதலில் அவளைத் தூக்கிக்கொள்ளுங்கள். பயணம் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். தையல்காரரைப் பற்றிச் சொல்லுங்கள், நாம் சிரிக்கலாம். சாப்பிடுவோம், தூங்குவோம்.

இரண்டு மூன்று நாள் போகட்டும். அவள் தூங்கும் ஒரு மத்தியானத்தில், கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகக் கேளுங்கள்.

கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் அப்பா.

உங்கள்
பாப்பா